மீன் முட்டுகிறது, மாட்டவில்லை: ஃபோம் வண்டு கட்டுபவருக்கு ஒரு பதில்

கோத்தகிரியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். தூண்டில் முள்ளின் மேல் பூச்சி மாதிரிக் கட்டும் போலி இரைக்கு ஃப்ளை என்று பேர்; ஆறு மாதமாக வீடியோ பார்த்து ஃபோமில் வண்டு, வெட்டுக்கிளி ஃப்ளைகளைக் கட்டிப் பழகுகிறீர்கள். பாதி நேரம் நூல் ஃபோமை அறுத்துவிடுகிறது. அறுக்காமல் தப்பினால் உடம்பு முள்ளைச் சுற்றிப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. அதையும் மீறி ஒன்றிரண்டு உருப்படியாக வந்து ஓடைக்குக் கொண்டுபோனால், டிரவுட் மீன் மேலே வந்து முட்டிவிட்டுப் போகிறது, மாட்டுவதில்லை. எந்த ஃபோம், எந்த நூல், எந்தப் பசை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கடைச் சாமானைப் பற்றி இருக்கிறது. கவலை என்னவோ மீனைப் பற்றித்தான். மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: முள்ளின் மேல் ஃபோம் அதிகமாகிவிட்டது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி, எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிவதற்காக. நான் ஊட்டியில் தையல் கடை வைத்திருப்பவன். மீன்வளம் படித்தவன் இல்லை. இருபது வருடத்துக்கு முன்பு கோட்டு தைக்க வந்த ஓர் எஸ்டேட் பெரியவர், நான் காஜா எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தக் கைக்கு ஃப்ளை கட்ட வருமேப்பா" என்றார். அப்படி ஆரம்பித்தது. அவர் இறகிலும் ரோமத்திலும் கட்டிப் பழகியவர். ஃபோமைக் கண்டாலே முகம் சுளிப்பார். செருப்பைத் தின்கிற மீன் எனக்கு வேண்டாம் என்பார். ஆகவே ஃபோம் நானாகத் தட்டுத் தடுமாறிப் பழகியது. நான் தூண்டில் போட்டதெல்லாம் நீலகிரியின் சின்ன ஓடைகளிலும் அணைகளின் ஓரத்திலும்தான். பெரிய ஆறுகளைப் பற்றி என்னைக் கேட்டுப் பயனில்லை. கட்டுவதைப் பற்றி நான் சொல்வதை நம்பிச் செய்யலாம். மீனின் மனதைப் பற்றிச் சொல்வதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

சரி, ஃபோம். நம் ஊரில் மெத்தைக்குள் இருப்பதும் ஃபோம்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிராஃப்ட் வேலைக்கு வாங்கும் கலர் ஷீட்டும் ஃபோம்தான், டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளைத் தாளும் ஃபோம்தான். என் முதல் வண்டை நான் சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சில் வெட்டிக் கட்டினேன். கடையில் துண்டு துண்டாகக் கிடந்தது, காசு கொடுக்க வேண்டியதில்லை. பார்க்க அசல் வண்டு. தண்ணீரில் போட்ட அரை நிமிடத்தில் சாம்பாரில் போட்ட இட்லி மாதிரி ஊறி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. காரணம் எளிது. ஸ்பாஞ்சில் இருக்கும் காற்று அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், தண்ணீர் புகுந்துவிடும். நமக்கு வேண்டியது அறைகள் தனித்தனியாக மூடியிருக்கும் ஃபோம். ஸ்டேஷனரி கடையில் ஏ4 அளவில் கிடைக்கும் ஈவிஏ ஷீட் அந்த வகைதான், 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தாளும் தண்ணீர் குடிக்காது, ஆனால் நூல் பட்டதும் கிழியும். வெளிநாட்டிலிருந்து வரும் ஃப்ளை ஃபோம் கொஞ்சம் மெத்தென்று, அமுக்கினால் மீண்டு வருவதாக இருக்கும்; நல்லதுதான். ஆனால் உங்கள் பிரச்சினை அதனால் தீராது. கிராஃப்ட் ஷீட்டில் கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு வரும். வாங்கும்போது விரல் நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். நகத் தடம் மெல்ல மறைந்தால் நல்ல ஷீட், அப்படியே பதிந்து நின்றால் பழசு.

நூல் அறுப்பதைப் பற்றித் தையற்காரனாகப் பேசுகிறேன். தையல் நூல் என்பது இரண்டு மூன்று புரிகளை முறுக்கிச் செய்தது. உருண்டையாக, கெட்டியாக இருக்கும். ஃபோமில் இறுக்கினால் கத்திதான். ஃப்ளை கட்டும் நூலில் முறுக்கு மிகக் குறைவு. நாடா மாதிரித் தட்டையாகப் படியும். 140 டெனியர் நூல் ஃபோமுக்குச் சரியான கனம். 70 டெனியர் மெலிசு, ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம். ஆனால் தட்டை நூல் வாங்கினால் மட்டும் போதாது. முள்ளைச் சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், ஏறியதும் அதுவும் கத்தியாகிவிடும். ஆகவே ஃபோமைத் தொடுவதற்கு முன்பு பாபினை (நூல் கண்டைப் பிடித்திருக்கும் கைக்கருவி) தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். வலது கைக்காரர் என்றால் இதுதான் திசை. நூல் பளபளவென்று விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீடியோவில் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃப்ளை நூல் கைவசம் இல்லையா, ஓவர்லாக் மெஷினுக்குப் போடும் பஞ்சு மாதிரி மெத்தென்ற பாலியஸ்டர் நூலை ஏதாவது ஒரு தையல் கடையில் கேளுங்கள். நான் மூன்று வருடம் அதில்தான் கட்டினேன். தலை கொஞ்சம் பருமனாக வரும், மற்றபடி குறையில்லை.

அடுத்தது இழுப்பு. முதல் இரண்டு சுற்றையும் பாபினின் எடை மட்டும் இழுக்க விட்டுவிடுங்கள், உங்கள் கை இழுக்க வேண்டாம். மூன்றாவது சுற்றில் ஃபோம் அமுங்குவது தெரிகிற அளவுக்கு இழுங்கள். நாலாவதில்தான் முழு இழுப்பு. முதல் சுற்றிலேயே இறுக்குபவருடைய ஃபோம்தான் அறுபடும். பட்டுத் துணியில் டென்ஷனைக் கூட்டி வைத்துத் தைத்தால் சுருங்கிக் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

உடம்பு சுழல்வதற்குக் காரணம் முள்ளின் தண்டு வழுவழுப்பாக இருப்பது. வெறும் கம்பியில் ஃபோமைக் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் சுற்றும். முதலில் முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கட்டும் துளை) சற்றுப் பின்னாலிருந்து வளைவு வரை நெருக்கமாக நூல் சுற்றி, திரும்பி வரும்போது இடைவெளி விட்டுக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றுங்கள். சொரசொரப்பான ஒரு படுக்கை கிடைக்கும். அதன் மேல் ஃபெவிக்விக் ஒரு துளி. ஒரு துளி என்றால் குண்டூசி முனையில் தொட்டு வைக்கிற அளவு. ட்யூபை அமுக்கினால் ஃப்ளை விரலோடு ஒட்டும், அல்லது முள்ளின் கண் அடைபட்டுப் போகும். எனக்கு இரண்டும் நடந்திருக்கின்றன. ஈரமாக இருக்கும்போதே ஃபோமை வைத்துக் கட்டிவிடுங்கள். இதற்குமேல் பசையில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி மீன் மாட்டாத விஷயம். நீங்கள் அனுப்பிய படம் மேலிருந்து எடுத்தது, வண்டின் முதுகு அழகாகத் தெரிகிறது. ஆனால் முள் நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் மீனைப் பிடிப்பது. அதை முள்ளின் வாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாய்க்குள் ஃபோம் தொங்கினால், மீன் கவ்வும்போது நுனி தாடையில் ஏறாது. ஃபோமைத்தான் கடிக்கும், வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் "முட்டிவிட்டுப் போகிறது" என்று எழுதியதில் பாதியாவது உண்மையில் கடித்திருக்கும் என்பது என் ஊகம். நம் ஓடை மீன் பெரும்பாலும் ஒரு சாண்தான் இருக்கும், வாயும் அதற்கேற்றபடிதான். 2 மில்லிமீட்டர் ஃபோமை மடித்து மேலும் கீழும் கட்டினால் உடம்பே 4 மில்லிமீட்டர் ஆகிறது. கீழ்ப்பாதி வாயை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஃபோம் எல்லாம் தண்டுக்கு மேலேயே இருக்கட்டும். கீழே நூலோ மயில் தோகை இழையோ மட்டும். பட்டையின் அகலத்துக்கும் அளவுகோல் தேவையில்லை. முள்ளையே ஷீட்டின் மேல் படுக்கவைத்து, வாய் எவ்வளவு அகலமோ அந்த அகலத்துக்கு வெட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு நூலிழை குறைவாகவே வெட்டுங்கள்.

முள்ளின் எண்ணையும் கவனியுங்கள். எண் கூடக் கூட முள் சிறியது. வீடியோவில் வரும் ஃபோம் வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் 6, 8 எண் முள்ளில் இருக்கும். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பெரிய ஆறுகளுக்காகப் பிறந்தவை அவை. செர்னோபில் எறும்பு என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், யூட்டா மாநிலத்து கிரீன் ஆற்றில் பேர் வாங்கியது. பேர்தான் எறும்பு, பார்க்கக் கரப்பான். ஓடும் படகிலிருந்து எறிந்து, தூரத்திலிருந்து பார்த்து, பெரிய மீனை மேலே கூப்பிடுவதற்கு அது சரி. தாண்டிப் போகிற அகலத்தில் ஓடும் நம் ஓடையில் அதைப் போட்டால் குளத்தில் கல் எறிந்த மாதிரி. 12, 14 எண் முள் வாங்குங்கள். எறும்புக்கு மட்டும் 16.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், ஃபோம் ஃப்ளையில் எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது. ஃபோம் மிதக்கும் என்பதால்தான் நாம் அதை எடுக்கிறோம், அது அளவுக்கு மீறி மிதப்பதுதான் தொல்லை. ஓடையில் விழுந்த வண்டு தண்ணீரின் மேல் கப்பல் மாதிரி நிற்காது. பாதி உடம்பு அமிழ்ந்து, கால்களை உதறிக்கொண்டு, தண்ணீரின் தோலோடு ஒட்டிக் கிடக்கும். மீனின் பார்வையை யோசியுங்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் தலைக்கு நேர் மேலே வட்டமான ஒரு சன்னல் வழியாகத்தான் வெளியுலகம் தெரியும். ஒளி விலகலால் வருவது அது, சுமார் 97 டிகிரிக் கூம்பு. அந்த வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி போல அடித்தரையைத்தான் காட்டும். அந்தக் கண்ணாடியில் மீனுக்கு முதலில் தென்படுவது, மேற்பரப்பைக் குத்திக்கொண்டு கீழே வந்திருக்கும் பாகமும் அதைச் சுற்றியுள்ள பள்ளமும் மட்டுமே. உயரமாக மிதக்கும் ஃப்ளை அங்கே ஏறக்குறைய இல்லவே இல்லை. இது இயற்பியல், இதில் சந்தேகமில்லை. மீன் அதை வைத்து என்ன முடிவெடுக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் தாழ மிதக்கும் வண்டை என் ஓடைகளில் நம்பிக்கையோடு வந்து விழுங்குகிறது, உயர மிதப்பதை மூக்கால் தள்ளிப் பார்க்கிறது.

இதைச் சோதிக்க ஓடைக்குப் போக வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி ஃப்ளையைப் போட்டு, டம்ளரைக் கண்ணுக்கு மேலே தூக்கிக் கீழிருந்து பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் ஆகாது, சிரிக்காதீர்கள், என் பையன் ஒரு நாள் அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தான். வண்டின் வயிறும் கால்களும் முள் வளைவும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் சரி. கால்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, வண்டு பக்கவாட்டில் சாய்ந்தாலோ, ஃபோமை ஓரத்தில் கத்தரித்துக் குறைத்து மறுபடி போடுங்கள். ஒரு மாலை முழுதும் இப்படி வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்தேன்; மூன்று மாதம் கட்டியதில் தெரியாதது அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது 12 எண் முள்ளில் ஒரு வண்டு, நான் கட்டும் விதத்தில். முள்ளை வைஸில் (கட்டும்போது முள்ளை அசையாமல் பிடித்திருக்கும் கருவி) மாட்டுவதற்கு முன்பே, நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு அமுக்கப்போய் நுனி உடைந்தால் உழைப்பும் போயிற்று. நூலைக் கண்ணுக்கு 2 மில்லிமீட்டர் பின்னால் ஆரம்பித்து வளைவு தொடங்கும் இடம் வரை படுக்கை போடுங்கள். அந்த 2 மில்லிமீட்டரை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கண்ணை நெருக்கிவிட்டு, கடைசியில் முடிச்சுப் போட இடமில்லாமல் தவிப்பார்கள். வெட்டிய பட்டையின் ஒரு முனையை ஆப்பு மாதிரிச் சாய்த்துக் கத்தரியுங்கள். அந்தக் கூர்முனையைத் தண்டின் நடுவில் வைத்து, பட்டையின் மீதி பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி, வளைவு வரை கட்டிக்கொண்டே போங்கள். முனை சாய்வாக இருப்பதால் கீழே மேடு விழாது. அங்கேயே மயில் தோகையின் மூன்று இழைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றை நூலோடு முறுக்கிக் கயிறாக்கி, முன்னால் சுற்றிக்கொண்டு வாருங்கள். நூலோடு முறுக்காமல் சுற்றினால் முதல் மீனின் பல் பட்டதும் இழை அறுந்து அவிழ்ந்துவிடும். தண்டின் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். பட்டையை முதுகு மேல் மடித்து முன்னால் கொண்டுவந்து, நான் முன்பு சொன்ன மாதிரி இரண்டு தளர்ந்த சுற்று, ஒரு நடுத்தரச் சுற்று, பிறகு இறுக்கம். பட்டையை மடிக்கும்போது இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்த ஃபோம் மெலிந்து, மறுநாள் சுருங்கி முதுகு கூனிவிடும். படிந்தால் போதும்.

காலுக்கு நான் கறுப்பு ரப்பர் இழை போடுகிறேன். உள்ளாடை எலாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே மெல்லிய ரப்பர் இழைகள் கிடைக்கும், தையல் கடைக்காரனுக்கு இதெல்லாம் இலவசம். பக்கத்துக்கு இரண்டு கால் போதும், வண்டுக்கு ஆறு கால் என்று மீன் எண்ணுவதில்லை. முதுகின் மேல் ஆரஞ்சு ஃபோமில் ஓர் அரிசி அளவுத் துண்டைக் கட்டுங்கள். அது உங்கள் கண்ணுக்கு; சோலை நிழலில் கறுப்பு வண்டைத் தேட முடியாது. முன்னால் மிஞ்சிய பட்டையைக் கண்ணுக்குச் சற்று முன்னால் நிற்கும்படி சதுரமாக வெட்டிவிட்டால் தலை. அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் முடிச்சுப் போட்டு, வயிற்றுப் பக்கம் கட்டுக்கு ஒரு துளி பசை. நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிரவுட்டுக்கு நிறம் தெரியும் என்பது உறுதி. ஆனால் வயிறு மயில் பச்சையா வெறும் கறுப்பு நூலா என்பதில் நான் கண்ட வித்தியாசம் ஒன்றும் இல்லை. மயில் இழை போடுவது அதைச் சுற்றும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காக.

எறும்பு இதைவிட எளிது, ஆனால் ஓர் இடத்தில் கோட்டைவிடுவார்கள். எறும்புக்கு உயிர் இடுப்பில் இருக்கிறது. பின்னால் ஓர் உருண்டை, முன்னால் அதைவிடச் சின்ன உருண்டை, நடுவில் நூல் மட்டும், அங்கே ஒரு ஜோடிக் கால். இடுப்பை ஃபோமால் நிரப்பினால் அது சின்ன வண்டாகிவிடும். வெட்டுக்கிளி மூன்றாவது; அதைக் கடைசியாகப் பழகுங்கள். பழுப்பு ஃபோம் உடம்பு, மேலே நாட்டுச் சேவலின் இறகில் ஒரு துண்டு சிறகாக, முழங்கால் முடிச்சுப் போட்ட இரண்டு பின்னங்கால். 12 எண்ணுக்கு மேல் பெரிதாக வேண்டாம். இந்த மூன்றையும் தவிர நான்காவது ஃபோம் ஃப்ளை நம் ஓடைக்குத் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இறகு என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த இறகின் நுனியில் மெழுகு பூசின மாதிரிப் பளபளக்கும் புள்ளிக்காக உலகம் முழுவதும் ஃப்ளை கட்டுபவர்கள் ஏங்கிய காலம் உண்டு. அது நம் தென்னிந்தியக் காட்டுப் பறவை, 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருப்பது. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடமான் ரோமமும் அப்படியே. மயில் தோகை மட்டும் தானாக உதிர்ந்தது என்றால் நம் நாட்டுக்குள் வைத்திருக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பிவைக்கக் கூடாது.

இந்த வகை ஃப்ளை நம் மலைக்குப் பொருந்துமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நன்றாகவே பொருந்தும். சின்ன ஓடையில் மீனுக்குத் தண்ணீருக்குள் விளையும் பூச்சி மட்டும் போதாது, கரையிலிருந்து விழுவதும் பெரும்பங்கு. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு காட்டு ஓடையை ஆராய்ந்து நகானோ, முராகாமி என்ற இருவர் 2001இல் வெளியிட்ட கணக்கில், அங்குள்ள மீன்களின் ஓராண்டு உணவு ஆற்றலில் 44 சதவீதம் கரையிலிருந்து விழுந்த பூச்சிகளிடமிருந்து வந்தது. அது அந்த ஓடையின் கணக்கு. நம் ஓடைக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது. என் அனுபவத்தில், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு சோலை ஓரத்தில் வண்டு நன்றாக வேலை செய்யும். உறைபனிக் காலத்தில் காலை பத்து மணி வரை ஒன்றும் நடக்காது. வெயில் ஏறிப் புல்லில் பனி உருகிய பிறகு பாருங்கள். மார்ச், ஏப்ரலில் புல்வெளிக் காற்று அடிக்கும் மதியங்கள் வெட்டுக்கிளிக்கு. கோடைமழை பெய்து விட்ட மறுநாள் சிறகெறும்பு கிளம்பினால் 16 எண் எறும்பைத் தவிர வேறு எதையும் மீன் திரும்பிப் பார்க்காது. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் கவிந்த ஓடைகளில் எனக்கு எதுவும் சரியாக மாட்டியதில்லை. அந்த மரங்களில் பூச்சி குறைவு என்பது என் சந்தேகம், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மாட்டும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீன் மேலே வந்ததும் நீங்கள் வெடுக்கென்று இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். ஃபோமை மீன் வாய்க்குள் எடுத்துத் தலையைக் கீழே திருப்ப ஒரு கணம் வேண்டும். "வந்துட்டியா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். இழுக்க வேண்டாம், ராடின் நுனியைத் தூக்கினால் போதும். முள்ளின் வாய் திறந்திருந்து இந்த ஒரு கணமும் கிடைத்தால் மாட்டாத மீன்கள் பாதியாகக் குறையும்.

எங்கே போடலாம் என்பதில் கவனமாக இருங்கள். 1860களில் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே முயன்று கைகூடாமல் போய், பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து நிலைபெற்ற மீன் இந்த டிரவுட். நம் மலைக்கு வந்தேறி. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று ஆகாது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு போகவே கூடாது. மற்ற ஓடைகளும் பெரும்பாலும் வனத்துறை நிலத்தில் ஓடுபவை. போகும் முன் மீன்வளத் துறை அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் நேரில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். வருடத்துக்கு வருடம் திறப்பதும் மூடுவதும் மாறுகிறது, என் போன்றவன் சொன்னதை நம்பிப் போக வேண்டாம். கோடையில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப விட்ட மீன் நீந்திப் போவது போல இருக்கும், ஆனால் பிறகு செத்துப்போகும் அபாயம் கூடுதல். தனியாகப் போகாதீர்கள், காட்டெருமைக்கு உங்கள் பொழுதுபோக்கு தெரியாது.

இப்போதைக்கு வெட்டுக்கிளியை ஓரம் கட்டிவிட்டு வண்டை மட்டும் எடுங்கள். 12 எண் முள்ளில் ஒரே மாதிரி ஒரு டஜன். முதல் மூன்றைப் பிளேடால் அறுத்து முள்ளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பரவாயில்லை. ஏழாவது எட்டாவதில் கை தானாக இழுப்பைப் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டையும் டம்ளரில் போட்டுப் பாருங்கள், அதில் பக்கவாட்டில் சாய்வதையும் சேர்த்து வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இந்த முறை பக்கத்திலிருந்து எடுங்கள், முள்ளின் வாய் தெரிய வேண்டும்.